வாய்க்கால் கரைக்கு ஒரு கைகாட்டி!

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்



மலர்க்குழுத் தம்பி ஒருவன் வந்து, "அண்ணே, ஆண்டு மலருக்கு உங்ககிட்ட இருந்து ஒரு கட்டுரை வேணும். தலைப்பு உங்க இஷ்டம்" என்று கேட்டான். 'இளைஞனே எழுந்து வா' என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வருஷா வருஷம் யாராவது ஒருவர் அந்தத் தலைப்பில் எழுதத்தான் செய்கிறார்கள். எழுந்து வரச் சொல்வது சுலபம். எழுந்து வந்தவன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்ல நம் ஊரில் ஒரு போர்டு உண்டா? இந்த யோசனை வந்த பிறகு வேறு எதையும் எழுதப் பிடிக்கவில்லை. ஆகவே, வாய்க்கால் கரைப் பாதையைப் பற்றியும் அதற்கு வேண்டிய வழிகாட்டிப் பலகைகளைப் பற்றியும் எழுதுகிறேன்.

சிரிக்காதீர்கள். எனக்கு விழுந்த முதல் அரியருக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு!

ஓர் அரியரின் கதை

நான் டே ஸ்காலர். மெயின் ரோடு வழியாக வந்தால் எங்கள் ஊரிலிருந்து நம் பாலிடெக்னிக் 14 கிலோமீட்டர். வாய்க்கால் கரையோடு வந்தால் 9. முதல் செமஸ்டரில் இந்த 9 கிலோமீட்டர் கணக்கு எனக்குத் தெரியாது. பஸ்ஸில்தான் வருவேன்.

எம்-ஒன் பரீட்சை அன்று காலையில் மெயின் ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. பஸ் வரவில்லை. டீக்கடையில் எங்கள் பெரியப்பா சொன்னார்: "ஏன்டா நிக்கிற? சைக்கிள எடுத்துக்கிட்டுக் கரையோட போ. நேரா உங்க காலேஜுக்குப் பின்னாடி கொண்டு போய் விட்டுரும்." நானும் கிளம்பினேன். முதல் நாலு கிலோமீட்டர் ஜோராகப் போனது. ஆடு மேய்ப்பவர்கள், மதகில் துணி துவைப்பவர்கள், இரு பக்கமும் பச்சை வயல். 'அடடா, இத்தனை நாள் இந்த வழியை விட்டுவிட்டோமே' என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன்.

அப்புறம் வந்தது அந்த மூணு மதகு. வாய்க்கால் அங்கே மூன்றாகப் பிரிகிறது. கரை நாலாகப் பிரிகிறது. பெரியப்பா சொன்ன 'நேரா' எந்த நேரா?

அந்த இடத்தில் போர்டே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்தேன், ஆறு இருந்தன. ஒன்று உர விளம்பரம். ஒன்று டியூஷன் சென்டர். இரண்டு கல்யாண வாழ்த்து. ஒன்று 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்'. இன்னொன்றில் துரு ஏறி எழுத்தே இல்லை. ஆறு பலகையும் என்னிடம் ஏதோ சொல்ல ஆசைப்பட்டன. எனக்குத் தேவையானதை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க ஆளும் இல்லை. போன் மேப்பை எடுத்தேன். அதில் வாய்க்கால் நீலக் கோடாக இருந்தது. கரைப் பாதை இல்லை. குத்துமதிப்பாக இடது கரையைப் பிடித்தேன். நாலு கிலோமீட்டர் போய், பாதை ஒரு தென்னந்தோப்பு வேலியில் முட்டி நின்றது.

ஹாலுக்கு வந்து சேர்ந்தபோது பரீட்சை ஆரம்பித்து 45 நிமிஷம் ஆகியிருந்தது. அரை மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். என் மார்க்‌ஷீட்டில் ஏறிய அந்த அரியருக்குக் கணக்கு வராதது காரணமில்லை. ஒரு சாண் அகல அம்புக்குறி இல்லாததுதான் காரணம்.

"கேட்டுப் போனா என்ன?"

இதைச் சொன்னால் பெரியவர்கள் உடனே கேட்பது: "வாயில்லையா? வழியில நாலு பேரக் கேட்டுப் போனா என்ன? எங்க காலத்துல போர்டு வச்சா போனோம்?"

நியாயமான கேள்விதான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். போன வருஷம் ஒரு முதலாமாண்டுத் தங்கச்சி என் நினைப்பை மாற்றினாள்.

அவள் ஊர் எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. பிளஸ் ஒன்னில் கிடைத்த இலவச சைக்கிள் வீட்டில் இருக்கிறது. மெயின் ரோட்டில் லாரிக்குப் பயந்து அவள் அப்பா சைக்கிளில் அனுப்புவதில்லை. பஸ்ஸோ, விட்டால் ஒரு மணி நேரம் கழித்துத்தான். லேபில் ஐந்து மணி வரை இருந்தால் வீட்டுக்குப் போக ஏழரை. "படிப்பை நிப்பாட்டிடலாமான்னு அப்பா யோசிக்கிறாருண்ணே" என்றாள். நான் கரைப் பாதையைச் சொன்னேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. "ஒரு நாள் வந்து பார்த்தேண்ணே. மூணு மதகுல குழம்பிப் போச்சு. பக்கத்துல நாலு ஆம்பளைங்க சீட்டாடிக்கிட்டு இருந்தாங்க. சாயங்கால நேரம், தனியா நின்னு அவங்ககிட்ட எப்படிண்ணே வழி கேட்கிறது? திரும்பிட்டேன்."

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. 'கேட்டுப் போ' என்பது நம்மைப் போன்ற ஆண்பிள்ளைகளுக்கான யோசனை. கேட்டால், "யாரு வீட்டுப் புள்ள? எங்க போற? தனியாவா போற?" என்று மூன்று கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். வழி தெரியவில்லை என்பதை ஒருவருக்குச் சொல்வது, நான் இந்த இடத்துக்குப் புதுசு, தனியாக இருக்கிறேன் என்று சொல்வதற்குச் சமம். யாரையும் கேட்காமல் போக முடிவதும் ஒரு சுதந்திரம்தான். அந்தச் சுதந்திரத்தை ஒரு வழிகாட்டிப் பலகை கொடுக்கும்.

நாம் இருப்பது தஞ்சை – புதுக்கோட்டை எல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், வயலில் நாற்று நட்டவர்கள், அங்கன்வாடி டீச்சர்கள் எல்லாரும் ஓட்டினார்கள். அவர்களின் பேத்திகள் வயதில் இருக்கும் பெண்கள் இன்று நம்மோடு படிக்கிறார்கள். சைக்கிள் இருக்கிறது, ஓட்டவும் தெரிகிறது. ஒதுங்கிப் போக ஒரு பாதையும் இருக்கிறது. அந்தப் பாதைக்கு ஓர் அடையாளம் மட்டும் இல்லை.

நடப்பவனை மறந்த பலகைகள்

முன்னோர் காலத்தில் போர்டு வைத்தா போனார்கள் என்கிறார்களே, போர்டு வைக்கவில்லைதான். அதைவிடப் பெரிய ஏற்பாடெல்லாம் வைத்திருந்தார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்து முத்தம்மாள் சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். இராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர்கள் தங்கவும் சாப்பிடவும் கட்டியது. வழியில் சுமைதாங்கிக் கல், தண்ணீர்ப் பந்தல், சாலையோர மரம். நடப்பவன் களைத்துப் போவான், தலைச்சுமையை இறக்க இடம் தேடுவான் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் எத்தனையோ பஸ் ஸ்டாப்புக்கு இன்றும் 'கைகாட்டி' என்றே பெயர். அங்கே இருந்த கைகாட்டி மரம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது!

இப்போது ரோட்டோரப் பலகைகள் யாருக்கு? நம் ஹைவே பாடத்தில் ஐ.ஆர்.சி. 67 படித்திருக்கிறோம். வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, செவ்வகம் என்றால் தகவல். சைக்கிள் படம் எங்கே வரும்? சிவப்பு வட்டத்துக்குள் வந்தால் 'சைக்கிளுக்கு அனுமதி இல்லை', நீல வட்டத்துக்குள் வந்தால் 'சைக்கிள் பாதை'. நம் பக்கத்தில் நீல வட்டத்தை நான் ஒரு இடத்தில்கூடப் பார்த்ததில்லை. மைல் கல்லின் தலைக்கு நிறம் உண்டு: தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள், மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சை, பிரதமர் திட்டத்தில் போட்ட கிராமச் சாலைக்கு ஆரஞ்சு. கரைப் பாதைக்கு நிறமே கிடையாது. வாய்க்கால் ஓரத்தில் தூரம் குறித்த கற்கள் உண்டு. அவை இலாகாவின் கணக்குக்காக நட்டவை. 2021-ல் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறையைத் தனியாகப் பிரித்த பிறகும் எங்கள் லஸ்கர் அய்யாவுக்கு அது 'பி.டபிள்யூ.டி. கல்'தான். அவருக்கு அந்தக் கல் பேசும். நமக்குப் பேசாது.

பதினேழு தடவை கால் ஊன்றினான்

சரி, போர்டு வைத்துவிடலாம் என்று நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். எங்கெங்கே வைப்பது? எல்லாரும் கரை ஓரத்து ஊர்க்காரர்கள். "இதென்ன பெரிய விஷயம்" என்று பேப்பரில் கோடு போட்டு ஆறு இடம் குறித்தோம். அப்போது சர்வே சார் ஒரு வார்த்தை சொன்னார்: "வழி தெரிஞ்சவன் குறிச்ச இடம் செல்லாதுப்பா. தெரியாதவன ஒருத்தனக் கூட்டிக்கிட்டுப் போ."

ஹாஸ்டலில் கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன், மெக்கானிக்கல். கரைப் பக்கமே வராதவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை எங்கள் ஊருக்குக் கூட்டிப் போய், சைக்கிளைக் கொடுத்து, "மாப்ள, இங்கேருந்து காலேஜுக்குப் போ. நான் பின்னாடியே வருவேன். எது கேட்டாலும் வாயத் திறக்க மாட்டேன்" என்றேன். கையில் லெவல் புக். அவன் எங்கே சந்தேகப்பட்டுக் காலை ஊன்றி நிற்கிறானோ, அங்கே ஒரு குறி.

9 கிலோமீட்டரில் அவன் பதினேழு தடவை கால் ஊன்றினான்! நாங்கள் குறித்த ஆறு இடத்தில் இரண்டில் அவன் நிற்கவே இல்லை. பாதை தானாகவே அவனைக் கூட்டிப் போய்விட்டது. நாங்கள் நினைத்தே பார்க்காத இடங்களில் நின்றான். ஓர் இடத்தில் பாதை பிரியவே இல்லை. ஒன்றரை கிலோமீட்டர் நேர் கரைதான். நடுவில் நின்று திரும்பிப் பார்த்தான். அப்புறம் கேட்டேன், "அங்க ஏன்டா நின்ன? வேற வழியே இல்லையே?" அவன் சொன்னான்: "ரொம்ப நேரமா ஒண்ணுமே வரலடா. தப்பா வந்துட்டமோன்னு பயம் வந்துருச்சு."

எனக்கு இதுதான் முக்கியப் பாடம். பலகையை இடத்துக்கு வைப்பதில்லை, சந்தேகத்துக்கு வைக்கிறோம். சந்தேகம் எங்கே வரும் என்று வழி தெரிந்தவனால் சொல்லவே முடியாது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை உள்ள எல்லாப் பலகைகளும் குழப்புவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வழி தெரிந்தவர்கள், தங்களுக்குத் தெரிந்த இடத்தில் வைத்தவை அவை.

ஒரு பாதிரியார், ஒரு வாத்தியார், ஒரு சுரங்க இன்ஜினியர்

உலகத்தில் இதை யார் சரியாகச் செய்தார்கள் என்று லைப்ரரியில் தேடினேன். பெரிய பெரிய இலாகாக்களின் பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்.

ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோ என்ற புனித ஊருக்குப் பல நூற்றாண்டுகளாக ஜனங்கள் நடந்து போகிறார்கள். நம் வேளாங்கண்ணிப் பாதயாத்திரை மாதிரி. நாளடைவில் பழைய பாதை மறந்து, வருஷத்துக்கு மிகச் சிலரே நடக்கும் நிலை வந்தது. ஓ செப்ரேரோ என்ற மலைக் கிராமத்துப் பாதிரியார் எலியாஸ் வாலிஞ்ஞா 1984-ல் மஞ்சள் பெயின்ட்டோடு கிளம்பினார். ரோட்டில் கோடு போட்டு மிச்சமான பெயின்ட். மரம், பாறை, சுவர் என்று கண்ட இடத்தில் அம்புக்குறி வரைந்துகொண்டே போனார். 1989-ல் அவர் இறந்துவிட்டார். அவருடைய மஞ்சள் அம்பு இன்றும் அந்தப் பாதையின் அடையாளம். 2023-ல் நாலு லட்சத்துக்கும் அதிகமான யாத்ரீகர்கள் சந்தியாகோவில் பதிவு செய்தார்கள். அம்பு மட்டுமே அத்தனை பேரை வரவழைத்தது என்று சொல்ல மாட்டேன். வந்தவர்கள் வழி தவறாமல் போய்ச் சேர்ந்ததற்கு அந்த அம்புதான் காரணம்.

அடுத்து சுவிட்சர்லாந்து. அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் முயற்சியில் 1934-ல் நடைபாதைகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியது. மோட்டார் வண்டிகள் பெருகி ரோட்டில் நடக்க முடியாமல் போன காலம் அது. எல்லாப் பாதைக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பலகை என்று முடிவு செய்தார்கள். 1979-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டு நடைபாதைகளை அரசியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இன்று சுமார் 65,000 கிலோமீட்டர். அந்தப் பலகையில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. தூரம் போடுவதில்லை, நேரம் போடுகிறார்கள்! சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்று வைத்து, ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி கணக்குப் போட்டு, 'இந்த ஊருக்கு 1 மணி 20 நிமிஷம்' என்று எழுதுகிறார்கள். நடப்பவனுக்கு வேண்டியது அதுதானே? இருட்டுவதற்குள் போய்ச் சேருவேனா என்பதுதானே அவன் கேள்வி?

மூன்றாவது ஆள் நம்ம கட்சி, ஓர் இன்ஜினியர். பெல்ஜியத்தில் லிம்பர்க் என்ற மாகாணம். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த இடம். கடைசிச் சுரங்கமும் 1992-ல் மூடப்பட்டது. அங்கே சுரங்க இன்ஜினியராக இருந்த ஹ்யூகோ போலன், பூமிக்கு அடியில் சுரங்கப் பாதைகளில் வழி கண்டுபிடிக்கும் முறையை மேலே கொண்டுவந்தார். சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண். முனையில் ஒரு வரைபடம். அங்கிருந்து அடுத்த முனைக்கு எண்ணும் அம்பும் மட்டும். 12, 15, 38, 41 என்று நாலு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் போதும், எங்கே வேண்டுமானாலும் போகலாம். 1995-ல் தொடங்கிய அந்த முறை பிறகு நெதர்லாந்து முழுக்கப் பரவியது. பத்தாயிரம் ஊர்ப் பெயர்ப் பலகை செய்ய வேண்டிய வேலையை எண்கள் செய்கின்றன. நம் ஊருக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! எழுத்துப் படிக்கத் தெரியாத எங்கள் அப்பாயி பஸ் நம்பரைச் சரியாகப் படிப்பார்.

நம் கரைக்கு என்ன செய்யலாம்?

மூன்று பேரிடமும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, நாங்கள் போட்டிருக்கும் திட்டம் இதுதான்.

முதலில் எண். 9 கிலோமீட்டரில் பாதை உண்மையிலேயே பிரியும் முனைகள் ஐந்து. அவற்றுக்கு 1 முதல் 5 வரை எண். மதகின் கைப்பிடிச் சுவரிலேயே எழுதலாம், தனிக் கம்பம் வேண்டாம். கம்பத்தை நட்டால் ஒரு வாரத்தில் காயலான் கடைக்குப் போய்விடும். மதகை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அடுத்து அம்பு. சாதாரணமாகச் சைக்கிளில் போகிறவன் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வையுங்கள். விநாடிக்கு 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அம்பைப் பார்த்து, புரிந்து, பிரேக் பிடித்துத் திரும்ப 5 விநாடி வேண்டும் என்றால் முனைக்கு 20 மீட்டர் முன்னாலேயே அம்பு தெரிய வேண்டும். முனையிலேயே வைத்தால் அவன் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்ப்பான். 20 மீட்டர் என்பது 65 அடி. ஆங்கில எழுத்துக்கு 30 அடிக்கு ஓர் அங்குலம் என்று ஒரு கணக்கு உண்டு. அப்படியானால் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். நம் 'ணை', 'ழு' போன்ற எழுத்துகளின் சுழி தெரிய அது போதாது. மூன்று அங்குலம் வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது, தைரியம் சொல்லும் குறி. ஒவ்வொரு முனையைத் தாண்டியதும், 'சரியான வழியில்தான் வந்திருக்கிறாய்' என்று சொல்ல ஒரு சின்னக் கோடு. நேர் கரையில் அரைக் கிலோமீட்டருக்கு ஒன்று. அமெரிக்காவில் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் நடைபாதை முழுவதும் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை மரத்துக்கு மரம் வருகிறது. இரட்டைப் பட்டை வந்தால் 'கவனி, திரும்பப் போகிறது' என்று பொருள். எழுத்தே கிடையாது. கிருஷ்ணகிரிப் பையன் கால் ஊன்றிய பதினேழு இடத்தில் பாதிக்கு மேல் இந்த மாதிரி ஒரு கோடு இருந்தாலே நின்றிருக்க மாட்டான்.

நான்காவது, பெயர். ரெக்கார்டில் ஒரு மதகுக்கு ஒரு நம்பர் இருக்கும். ஜனங்கள் வாயில் அது 'ஆனை விழுந்த மதகு'. ஜனங்கள் சொல்லும் பெயரைத்தான் எழுத வேண்டும். ஒரு பலகையில் ஒரு ஊர்ப் பெயரை எழுதிவிட்டால், அந்த ஊர் வந்து சேரும் வரை எல்லாப் பலகையிலும் அந்தப் பெயர் வந்தாக வேண்டும். நடுவில் விட்டால் அது பாதி வழியில் இறக்கிவிட்ட பஸ் மாதிரி.

ஐந்தாவது, திரும்பி வரும் வழி. காலையில் காலேஜுக்குப் போகிறவனுக்கு மட்டும் எழுதிவிட்டு, சாயங்காலம் இருட்டில் வீட்டுக்குப் போகிறவளை மறந்துவிடக் கூடாது. எதிர்த்திசையில் பாதை வேறு மாதிரி தெரியும். ஆகவே எதிர்த்திசையிலும் தெரியாத ஆளை விட்டுச் சோதிக்க வேண்டும். முனைகளில் மட்டுமாவது லைட் பட்டால் மின்னும் ஸ்டிக்கர் வேண்டும்.

எச்சரிக்கை இல்லாத அழைப்பு வேண்டாம்

இத்தனையும் சொன்ன பிறகு, எனக்கே இருக்கும் ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்பு போடுவது, 'இந்த வழியாக வா' என்று கூப்பிடுவது. கூப்பிட்டவனுக்குப் பொறுப்பு உண்டு. ஆனை விழுந்த மதகில் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கிறது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் ஜனவரி 28 வரை முறைத் தண்ணீர் ஓடும். இருட்டில் அங்கே சறுக்கினால் என்ன ஆகும்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண் கரை சைக்கிள் மட்கார்டை அடைத்துக்கொள்ளும்.

அதனால் எங்கள் வரிசை இது: முதலில் சர்வே. எங்கே சுவர் இல்லை, எங்கே கரை அரித்திருக்கிறது என்று அளந்து ஒரு ரிப்போர்ட். அதை இலாகாவுக்குக் கொடுத்து, சரி செய்யச் சொல்லி, பெயின்ட் அடிக்க அனுமதி கேட்பது. சுவர் கட்டிய பிறகுதான் அம்பு. இரண்டு கோடியிலும் ஒரு பலகையில் நேரத்தோடு சேர்த்து இதையும் எழுத வேண்டும்: 'சைக்கிளில் முக்கால் மணி. நடந்தால் இரண்டேகால் மணி. அடைமழையில் மெயின் ரோட்டில் போகவும். மதகு அருகே ஆழம்.' வரச் சொல்லும் பலகையே 'இன்றைக்கு வராதே' என்றும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

லஸ்கர் அய்யாவிடம் இதைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லதுதான் தம்பி. ஆனா பெயின்ட் ரெண்டு மழைக்கு நிக்குமா? அப்புறம் யாரு அடிப்பா?" என்றார். என் திட்டத்தில் இருந்த பெரிய ஓட்டையை ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார். மங்கிப்போன அம்பு, அம்பே இல்லாததைவிட மோசம். ஒன்று தெரிந்து, அடுத்தது தெரியாமல் போனால், நட்டாற்றில் விட்ட கதைதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் மாணவர் சங்கத்தால்தான் முடியும். நான் அடுத்த மே மாதம் வெளியே போய்விடுவேன். சங்கம் இங்கேயேதான் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடிந்து, தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலாமாண்டு மாணவர் ஒருவர், கரைப் பக்கமே வராதவராகப் பார்த்து, முன்னால் போகட்டும். பின்னால் ஒருவர் லெவல் புக்கோடு. அவர் கால் ஊன்றும் இடத்தில் எல்லாம் பெயின்ட் டப்பாவோடு மற்றவர்கள். சாயங்காலம் லஸ்கர் அய்யாவோடு டீ. இதைச் சங்கத்தின் வருஷாந்திர வேலைகளில் ஒன்றாகத் தீர்மானம் போட்டு எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செலவா? இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு வாசலில் பதினெட்டு அடி பிளெக்ஸ் வைத்தோம். அதில் நம் பன்னிரண்டு பேர் முகம். (என் முகமும் உண்டு, மறைக்கவில்லை.) மூன்றாம் நாள் காற்றில் கிழிந்து, இன்று கேன்டீன் கூரைக்கு மேல் கிடக்கிறது. நம் முகத்தைக் காட்டப் பதினெட்டு அடி வைத்த நாம், அடுத்தவனுக்கு வழி காட்ட மூன்று அங்குலம் வைக்க யோசிக்கலாமா?

சிவில் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டவுனில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. காசு கொடுத்தால் பைண்டிங்கோடு கையில் தருகிறார்கள். கட்டவே போகாத பாலத்துக்கு டிசைன். வைவாவில் இரண்டு கேள்வி, முடிந்தது. நாங்கள் நாலு பேர் அதை வாங்கப் போவதில்லை. எங்கள் ப்ராஜெக்ட் இந்த 9 கிலோமீட்டர்தான். செயின், டேப், லெவல், லெவல் புக், மூன்று வருஷம் கற்ற அத்தனையும் இதில் வேலைக்கு வருகிறது. மார்க் குறைந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே இந்தக் கரை எனக்கு ஒரு அரியர் கொடுத்திருக்கிறது, இன்னொன்று கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்!

அந்தத் தங்கச்சி இப்போதும் பஸ்ஸில்தான் வருகிறாள். அவள் அப்பா இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். எதிர்த்திசையில் சோதிக்கத் தெரியாத ஆள் ஒருவர் வேண்டும் என்று சொன்னபோது, "நான் வரவாண்ணே? எனக்கும் பாதி வழிதானே தெரியும்" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் லெவல் புக்கோடு வர அவள் வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் தயார். சுவர் கட்டும் வேலைக்கான மனு எழுதியாகிவிட்டது. கையெழுத்துப் போட சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். கரை வழியாக வருகிறவர்கள் மட்டுமல்ல, ஹாஸ்டல் நண்பர்களும் வந்து போடுங்கள்.

வழி தெரிந்த நாம் ஒரு நாள் தெரியாதவனுக்குப் பின்னால் போய்ப் பார்ப்போம். அவன் கால் ஊன்றும் இடத்தில்தான் நம் வேலை ஆரம்பிக்கிறது.